கடல் பக்கத்தில் இருக்கிறது, நீச்சல் யாருக்குத் தெரியும்?

"கடலோரத்துப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கணுமா? அதுங்க பொறக்கும்போதே நீந்துமே!"

தொடக்கப்பள்ளியில் நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே காரைக்கால் பக்கம் இப்படிச் சொல்லி வாயை அடைப்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். இந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கும் சாதியைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்ப்போம்.

கோட்டுச்சேரிமேட்டில் நின்று பாருங்கள். கிழக்கே கடல். மீனவர் வீட்டுப் பையன் அப்பனோடும் சித்தப்பனோடும் அலையில் இறங்கிப் பழகுகிறான். அவன் தங்கையை அப்படி யாரும் இறக்கிவிடுவதில்லை. மேற்கே திரும்பினால் வயல், வாய்க்கால், குளம். அங்கே கூலி வேலை செய்யும் நம் சனத்தின் பிள்ளைக்குக் கடல் தொழிலும் இல்லை, குளம் சொந்தமும் இல்லை. அம்மா நடவுக்குப் போன நேரத்தில் அது தனியாக வாய்க்காலில் இறங்குகிறது. காசுள்ள வீட்டுப் பிள்ளையோ கோடை விடுமுறையில் கட்டணம் கட்டி, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, நீந்தப் பழகுகிறது. பக்கத்தில் தண்ணீர் இருப்பது வேறு. அதில் பயமில்லாமல் இறங்கும் உரிமை இருப்பது வேறு.

யாருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்பது உயிர்ப் பிரச்சினை. 2004 சுனாமியில் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2,406 பெண்களும் 1,883 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் 2005இல் எழுதியது. அந்த அலை நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோனது, மறுக்கவில்லை. பெண்கள் கூடுதலாக இறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இலங்கையைப் பற்றி அதே அறிக்கை ஒன்றைச் சொன்னது: நீச்சலும் மரமேறுவதும் அங்கே பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டிருந்தன. பிறக்கும்போதே எல்லோரும் நீந்துவார்கள் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

சரி, பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? சட்டத்தைப் பார்ப்போம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. வகுப்புக்குத் தேவையான விளையாட்டுப் பொருட்கள் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கு ஆள்? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், ஒரு பகுதிநேரப் பயிற்றுநர். ஒன்று முதல் ஐந்து வரை அந்த அட்டவணையில் உடற்கல்விக்கென்று யாருமே இல்லை. பந்து உண்டு, மைதானம் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தண்ணீரில் விழுந்தால் பிழைக்கக் கற்க வேண்டிய வயதில்தான் சட்டம் பிள்ளையைக் கைவிடுகிறது.

ஆனால் நம் பிள்ளையின் உடம்பைப் பள்ளிக்கூடம் மறந்துவிடவில்லை தோழர்களே. துடைப்பம் எடுக்க வேண்டும் என்றால் அதற்கு நன்றாக ஞாபகம் வரும். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. நம் பிள்ளைகளுக்குக் காலகாலமாகக் கிடைத்த உடற்கல்வி இதுதான். விளையாட்டு என்று கேட்டால் மட்டும் "பாடமே முடியல, இதுல விளையாட்டு வேறயா" என்பார்கள்.

நீச்சல் என்றால் இன்னொரு கேள்வியும் வரும். எந்தத் தண்ணீரில்? யாரோடு சேர்ந்து?

மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் சாதி இந்துக்களின் கையில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அடி விழுந்தது. பிறகு மாட்டு மூத்திரமும் சாணமும் கலந்த பானைகளை ஊற்றிக் குளத்தைத் 'தீட்டுக்' கழித்தார்கள். மாடு இறங்கலாம், மனுசன் இறங்கக் கூடாது.

இது நம் நாட்டோடு முடிகிற வியாதியும் இல்லை. 1964 ஜூனில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கருப்பின மக்களும் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து குதித்தார்கள். முதலாளி ஓடிவந்து தண்ணீரில் ஆசிட்டை ஊற்றினான். தலைமுறை தலைமுறையாகக் குளத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதன் விளைவு இன்றும் தெரிகிறது. அங்கே நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகும் கருப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீரை மறுப்பது நீச்சலை மறுப்பது. நீச்சலை மறுப்பது உயிரை மறுப்பது.

"நீச்சல் குளம் கட்டப் பணம் எங்கே?" என்பார்கள். பளிங்குத் தொட்டி யார் கேட்டது? வங்கதேசத்தைப் பாருங்கள். நம்மைப் போலவே ஆறும் குளமும் நிறைந்த நாடு. ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, ஆழத்தை அளந்து, அடைப்புப் போட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தரச் சொல்வது உலக சுகாதார நிறுவனம். அது பணக்கார நாடுகளுக்கு மட்டும் எழுதிய யோசனை இல்லை.

நம் கோரிக்கைகள் எளிமையானவை.

ஒன்று, தொடக்கப்பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் வேண்டும், இடஒதுக்கீட்டோடு.

இரண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து நீச்சல் பாடமாக வேண்டும். கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காளிக்குப்பம் எங்கும் கடலை அறிந்த மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்றுநராக வையுங்கள். இலவச சேவை என்று ஏய்க்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் ஒரே குளத்தில், ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஊருக்குக் காலை, சேரிக்கு மாலை என்று நேரம் பிரித்தால் அதற்குப் பெயர் பாடம் இல்லை, தீண்டாமை.

இதை யாரிடம் கேட்பது? கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்கலாம். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே வைக்கவில்லை. ஒரு பிள்ளை குளத்தில் மூழ்கினால் போய்ச் சட்டையைப் பிடிக்க ஊரில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆகவே கல்வித்துறையிடமே நேராகக் கேட்போம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் இதை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பிள்ளை மூழ்கிய பிறகு வரும் நிவாரணக் காசோலை வேண்டாம். மூழ்காமல் இருக்க ஒரு ஆசிரியர் வேண்டும்.

ஜெய்பீம்.