‘ரிஸ்க்’ என்றால் என்ன?

தமிழ் வாடிக்கையாளர்கள் வங்கிக்கு வந்து அதிகம் சொல்லும் ஆங்கிலச் சொல் ‘லோன்’ என்று நீங்கள் நினைக்கக்கூடும். ‘ரிஸ்க்’ அதற்குச் சளைத்ததன்று. மாட்டுங்காவில் ஓய்வூதியம் பெறும் பெரியவர், “ரிஸ்க் இல்லாததாகச் சொல்லுங்கள்” என்கிறார். தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்துபவர், “ரிஸ்க் எடுக்காமல் தொழில் நடக்குமா?” என்கிறார். செம்பூரில் ஒரு தாய், “தண்டவாளத்தைக் கடக்கும் ரிஸ்க்கெல்லாம் வேண்டாம்” என்று மகனைக் கண்டிக்கிறார். முதலாமவருக்கு அது அச்சம், அடுத்தவருக்குத் துணிவு, தாய்க்கோ உயிராபத்து. பேச்சோடு நின்றால் இதனால் கேடில்லை. படிவத்தில் கையெழுத்தாக மாறும்போதுதான் கவலை தொடங்குகிறது.

மும்பைத் தமிழர்களுக்குக் குழப்பம் ஒரு படி கூடுதல். இங்கே மின்பெட்டிகளின்மேல் மண்டையோட்டுப் படத்துடன் மராத்தியில் ‘தோகா’ என்று எழுதியிருக்கும். ஆபத்து என்று பொருள். ஏறக்குறைய அதே ஒலியுடைய இந்திச் சொல்லுக்கு ஏமாற்று என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. நம் ‘மோசம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘உயிருக்கு மோசம்’ என்றால் ஆபத்து. ‘மோசம் போனேன்’ என்றால் வஞ்சிக்கப்பட்டேன்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்வதன் விளைவை நாங்கள் பணியில் காண்கிறோம். சந்தை இறங்கிப் பரஸ்பர நிதியின் மதிப்புக் குறைந்தால், “ஏமாற்றிவிட்டார்கள்” என்று கொதிக்கிறார்கள். மாதம் மூன்று விழுக்காடு வட்டி என்று ஆசை காட்டியவனிடம் சேமிப்பை இழந்தவரோ, “ரிஸ்க் எடுத்தேன், போய்விட்டது” என்று வாய்மூடி இருந்துவிடுகிறார். முன்னது ரிஸ்க், பின்னது மோசடி. மோசடியை ரிஸ்க் என்று பெயரிட்டு அழைத்தால் புகார் கொடுக்கும் எண்ணமே எழாது.

தமிழாக்கமும் நமக்கு உதவவில்லை. பரஸ்பர நிதி விளம்பரத்தின் இறுதியில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கப்படும் எச்சரிக்கையில் ‘சந்தை அபாயங்கள்’ என்று வருகிறது. தமிழ்நாட்டு மின்மாற்றிகளில் தொங்கும் பலகையிலும் அபாயம்; இரயிலை நிறுத்த இழுப்பதும் அபாயச் சங்கிலி. மின்மாற்றியைத் தொடாதவருக்குத் தீங்கில்லை. முதலீடு அப்படிப்பட்டதன்று; அங்கே ஏற்றமும் இறக்கமும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. ‘இடர்’ என்ற சொல்லே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. அது புதிதாகச் செய்த சொல்லுமன்று. திருநெடுங்களத்தில் சம்பந்தர் பாடியதை ‘இடர் களையும் பதிகம்’ என்றுதானே சொல்கிறோம்? ‘பேரிடர் மேலாண்மை’ என்பதைச் செய்தித்தாள்களும் பழக்கிவிட்டன.

காப்பீட்டுத் துறையினர் இவ்விஷயத்தில் கண்டிப்பானவர்கள். ஒரு பட்டறையை எண்ணிக்கொள்ளுங்கள். சரக்கை அழிக்கக்கூடிய தீ ‘பெரில்’. காப்புறை கிழிந்து தொங்கும் கம்பியும், மூடாமல் கிடக்கும் பசை டப்பாவும் ‘ஹசார்டு’. தீ பிடிக்கும் வாய்ப்பை இவை கூட்டுகின்றன. அந்தத் தீயால் நேரக்கூடிய பண இழப்பு ‘ரிஸ்க்’. கம்பியைச் சரிசெய்யலாம், டப்பாவை மூடலாம், எஞ்சும் இழப்பைக் காப்பீட்டுக்கு மாற்றலாம். மூன்றையும் ரிஸ்க் என்று சொல்லிவிட்டால், “தொழில் என்றால் ரிஸ்க் இருக்கத்தான் செய்யும்” என்று கம்பியும் அப்படியே தொங்கும்.

இனி, ‘ரிஸ்க் இல்லாதது’ எது? பணத்தை வீட்டிலேயே வைப்பது என்பவர் தாராவியில் இன்றும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மிட்டி ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதிகள் மூழ்கின. அன்று வீட்டுப் பெட்டி எவ்வளவு பாதுகாப்பாக இருந்திருக்கும்? வங்கி வைப்பு அதைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2019 செப்டம்பரில் இதே மும்பையில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாடிக்கையாளர் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய் மட்டுமே. அப்போது வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு, 1993-இல் நிர்ணயித்த 1 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் அது 5 லட்சம். ஒரு வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் உள்ள வைப்புகளுக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, இந்த 5 லட்சம். கிளைக்குக் கிளை தனித்தனி என்று நினைப்பவர் ஏராளம். விலைவாசி ஏற ஏற வைப்பின் வாங்கும் திறன் தேய்வது வேறு கதை. அதைப் பெரியவர்கள் காப்பிப்பொடி விலையிலேயே அறிவார்கள்.

வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’யில், வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கைமுதலைத் தொலைக்கும் வேலையில் அறிவுள்ளோர் இறங்கார் என்கிறார். செயலே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதிகாரத்தின் பெயரே அதற்குச் சான்று.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. “ரிஸ்க் இருக்கிறதா?” என்று வாடிக்கையாளர் கேட்டால், “ஒன்றும் இல்லை சார், கையெழுத்துப் போடுங்கள்” என்பது வங்கி முகப்புகளில் கேட்கக்கூடாத பதில். வங்கிக் கட்டடத்தில் விற்கப்படுவதெல்லாம் வங்கி வைப்பு ஆகிவிடாது. பரஸ்பர நிதிக்கு வைப்புக் காப்பீடு கிடையாது. அதன் விவரத்தாளில் கடிகார முகம்போல் ஒரு ‘ரிஸ்கோமீட்டர்’ அச்சிட்டிருப்பார்கள். 2021 ஜனவரி முதல் அதில் ஆறு படிகள். முள் எந்தப் படியில் நிற்கிறது, அசலில் எவ்வளவு குறையக்கூடும், பணம் தேவைப்படும் நாளில் கைக்கு வருமா என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் கேட்டாலும் தவறில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் தெரிந்த ஊழியர் கிடைப்பது அரிதன்று. பதில் விளங்கும்வரை பேனாவின் மூடியைத் திறக்க வேண்டாம். வரிசையில் பின்னால் நிற்பவர் சற்றுப் பொறுத்துக்கொள்வார்.