கடந்தை கொட்டினால் காக்கும் ஊசி

தாமிரபரணிக் கரையில் பிசான அறுவடை. பொழுது சாய்கிற நேரம். வரப்பில் ஒருவர் காலை வைக்கிறார். 'உஸ்' என்று ஒரு சீறல். கண்ணாடி விரியன்!

அடுத்த கணம் அவர் நாலடி தள்ளி நிற்கிறார். எப்படித் தாண்டினார்? அவருக்கே தெரியாது. நெஞ்சு 'திக் திக்' என்று அடிக்கிறது. கை நடுங்குகிறது. நாக்கு உலர்ந்துவிட்டது.

'சாமிதான் தூக்கி விட்டது' என்று வீட்டில் வந்து சொல்வார். சொல்லட்டும். தூக்கிவிட்ட கை எங்கே இருக்கிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேலே, இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தது போல ஒரு சுரப்பி. எடை சுமார் 5 கிராம்தான். 'ஆபத்து' என்று மூளை உத்தரவு போட்டதும் அந்தச் சுரப்பி ஒரு நீரை ரத்தத்தில் கலக்கிறது. அதன் பெயர் அட்ரினலின்.

அது செய்கிற வேலைகளைப் பாருங்கள். இருதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சுக் குழாய் அகலமாகிறது. ஈரல் தன்னிடம் உள்ள சர்க்கரையை எடுத்துக் கொடுக்கிறது. வயிற்றுக்கும் தோலுக்கும் போகிற ரத்தம் குறைந்து, கால் கைச் சதைக்குத் திரும்புகிறது. ஒரு மடையை அடைத்து, அடுத்த வயலுக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிதான். பயந்தவன் முகம் வெளுத்துப் போவது அதனால்தான்.

இந்த நீரை வெளியே எடுத்து மருந்தாக்கினால் என்ன? அமெரிக்காவில் வேலை பார்த்த ஜப்பானிய விஞ்ஞானி தகாமினே அதைச் செய்தார். கால்நடைகளின் சுரப்பியிலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்து எடுத்ததாக 1901-ல் உலகுக்கு அறிவித்தார். இன்று தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது

நெல்லைச் சீமையில் அந்த மருந்துக்கு என்ன வேலை?

பனங்காட்டுக்கு வாருங்கள். பனை மட்டைக்குள் கடந்தை கூடு கட்டியிருக்கிறது. ஏறுகிறவருக்குத் தெரியவில்லை. கொட்டிவிட்டது. பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும்தான். சிலருக்கு மட்டும் சில நிமிஷங்களில் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கிறது. உதடு வீங்குகிறது. குரல் கம்முகிறது. மூச்சு இழுக்கிறது. வாந்தி வருகிறது. கண் இருட்டி விழுந்துவிடுகிறார்.

விஷம் மட்டும் அவரைத் தள்ளவில்லை. விஷத்தை எதிர்க்கக் கிளம்பிய அவருடைய உடம்பே நிதானம் தவறிவிட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! ரத்தக் குழாய்கள் தளர்ந்து, உள்ளே இருக்கிற நீர் வெளியே கசிகிறது. வாய்க்காலின் கரை உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா? அது போல மூளைக்கு ரத்தம் எட்டவில்லை.

அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. தளர்ந்த குழாயை இறுக்குகிறது. அடைத்த மூச்சைத் திறக்கிறது. 'உடம்பிலேயேதான் அட்ரினலின் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். இருக்கிறது; சுரக்கவும் செய்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய உடைப்புக்கு அது போதுவதில்லை.

பெரியவர்களுக்கு அரை மில்லி. தொடையின் வெளிப்பக்கச் சதையில் போட வேண்டும். குணம் தெரியாவிட்டால் 5 நிமிஷம் கழித்து இன்னொன்று. மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றிலேயே அழிந்துவிடும். சாதாரண 'அலர்ஜி மாத்திரை' அரிப்பைத் தணிக்கும். அடைத்த தொண்டையைத் திறக்காது. அதை விழுங்கிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்தால்தான் நமக்குப் பயமாக இருக்கிறது.

பாம்புக் கடியிலும் இதே கதை

பாம்புக் கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். குதிரையின் சரக்கு அல்லவா? சில பேர் உடம்பு அதையும் எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். கடந்தை கொட்டினவர் போலவே மூச்சு முட்டும். அதற்கும் அட்ரினலின்தான் மருந்து.

இலங்கையில் பாம்பு கடித்த 1,007 பேரிடம் பரீட்சை செய்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன்பே சிறிதளவு அட்ரினலின் போட்டதில், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடுமையான கோளாறு 43 சதவீதம் குறைந்தது. வழக்கமாகப் போடுகிற மற்ற அலர்ஜி ஊசிகளால் அந்தப் பலன் இல்லை.

ஆகவே 'அந்த ஊசி போட்டால் உடம்புக்கு ஆகாதாமே' என்று சொல்லிக்கொண்டு, கடிபட்டவரை மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். கோளாறு வந்தாலும் சமாளிக்க மருந்து இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

தேள் விஷயம் மட்டும் வேறு. செந்தேள் கொட்டினால், அந்த விஷமே உடம்பிலுள்ள அட்ரினலினை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. இருதயம் தாங்காமல் திணறுகிறது. மராட்டியத்தில் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் பவஸ்கர், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையால் அந்த வெள்ளத்தை அடக்கலாம் என்று 1980-களில் எடுத்துக் காட்டினார். அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் அல்ல, கிராமத்து நோயாளிகளிடம் கற்ற பாடம் அது!

கிராமத்தில் இருக்கிறதா?

1965-ல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தாரும் திசையன்விளையாரும் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள். ஆனால் மூச்சு அடைத்தவருக்கு அவ்வளவு நேரம் ஏது? பஸ் வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடலாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளுடன் ரெயிலே நின்றுவிட்டது. சாலைகள் அறுந்து, ஊர்கள் தீவாயின. வெள்ளத்தில் பாம்பும் வீடு தேடித்தான் வரும். அப்படிப்பட்ட நாளில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான் கதி.

அட்ரினலின் விலை உயர்ந்த மருந்து அல்ல. ஒரு மில்லி கண்ணாடிக் குப்பி. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்புக் கண்ணாடியில் அடைக்கிறார்கள். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் அது இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் அல்ல; ஊசி போடும் மேஜை மேல். உள்ளே மருந்து நிறம் மாறியிருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் நர்சம்மாவுக்கும் அதைப் போடுகிற பழக்கமும் தைரியமும் வேண்டும். சர்க்கார் இதைக் கவனிக்கட்டும். பஞ்சாயத்துத் தலைவர்களும் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 108-க்குப் போன் செய்யுங்கள். கண் இருட்டுகிறவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வரவேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வருவதுண்டு. டாக்டர் சொல்லும் வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

இன்னொன்று. ஊசி போட்டவுடன் அவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும். பார்த்துவிட்டு டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வரப்பில் விரியனைக் கண்டவருக்கு வந்த அதே நடுக்கம்தான் அது. சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.