"அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும்"னு இனிமே எங்ககிட்ட சொல்லாதீங்க

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது ஒரு அண்ணன் சொன்ன வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. "கேம் விளையாடுற பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்லா, அந்த விலைக்கு அதுதான் கிடைக்கும்"னார். கோயில்ல குரலை உயர்த்த வேணாம்னு அங்க விட்டுட்டோம். இங்க சொல்றோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

விஷயம் இதுதான். நம்ம தாமான்ல ஒரு அக்கா, தொழிற்சாலையில பேக்கிங் வேலை. மகன் படிவம் நாலு. பரீட்சையில நல்லா செஞ்சா கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்திருந்தாங்க. பையன் செஞ்சுட்டான். மூணு மாச ஓட்டி காசைச் சேர்த்து, 1,700 வெள்ளிக்கு ஒரு செட் பார்த்து, வாங்குறதுக்கு முன்னால விளம்பரத்தைப் படம் பிடிச்சு எங்களுக்கு அனுப்பினாங்க. "ஜிடி 1030, 2 ஜிபி, கேமிங் ரெடி"ன்னு போட்டிருந்துச்சு. நாங்க என்ன பதில் போட்டோம் தெரியுமா? கட்டைவிரல் படம். அதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துது.

வீட்டுக்கு வந்துச்சு. கலர் கலரா விளக்கு எரியுது. வேலரண்ட் எப்படியோ ஓடுது. ஜிடிஏ 5 போட்டா திக்கித் திக்கி நிக்குது. பையன் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல. "நல்லா இருக்கும்மா"ன்னுட்டான். எங்ககிட்ட வந்துதான், "அங்கிள், நான் ஏதாச்சும் தப்பா செட் பண்ணிட்டேனா?"ன்னு மெதுவா கேட்டான்.

அவன் ஒரு தப்பும் பண்ணல. ஜிபியு-இசட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதைப் போட்டுப் பார்த்தோம். மெமரி வகைன்னு இருக்குற இடத்துல டிடிஆர்4னு காட்டுச்சு.

இது என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. ஜிடி 1030 கார்டை என்விடியா 2017 மே மாசம் வெளியிட்டப்போ அதுல இருந்தது ஜிடிடிஆர்5 மெமரி. ஒரு வினாடிக்கு 48 ஜிபி தரவு போய் வரும். சின்ன கார்டுதான், ஆனா அதன் அளவுக்கு ஒழுங்கா வேலை செஞ்சுச்சு. 2018-ல அதே பேர்ல இன்னொண்ணு கடைக்கு வந்துச்சு. அதுல டிடிஆர்4 மெமரி, வேகம் 16.8 ஜிபி. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு! பெட்டி மேல ரெண்டுக்குமே பெரிய எழுத்துல ஜிடி 1030தான். நம்ம அன்னதானக் கணக்குல சொன்னா, அடுப்படியில நிக்கிற சமையல்காரர் அதே ஆள்தான், காய் நறுக்கிக் கொடுக்க ஒன்பது பேர் இருந்த இடத்துல மூணு பேரை நிறுத்திட்டாங்க. சமையல்காரர் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறார். அந்த வருசமே கேமர்ஸ் நெக்சஸ் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சோதிச்சுக் காட்டினாங்க. பல விளையாட்டுல வேகம் பாதியா விழுந்துச்சு.

நாங்க எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவங்க. ஆனா முப்பது வருசமா லைன்ல நிக்கிறோம். எங்க இடத்துல ஒரு சப்ளையர் பார்ட் நம்பரை மாத்தாம உள்ளே இருக்குற பொருளை மட்டும் மாத்தி அனுப்பினா என்ன நடக்கும்? அந்த லாட்டுக்குச் சிவப்பு டேக். முழுசும் திரும்பிப் போகும், விளக்கக் கடிதம் கேப்போம். பொருளை மாத்துனா நம்பரை மாத்து, அவ்வளவுதான் சட்டம். ஒரு திருகுக்கு இருக்குற இந்த ஒழுங்கு, ஒரு அம்மா மூணு மாச ஓட்டி போட்டு வாங்குற சாமானுக்கு இல்லையாம். கேட்டா, பெட்டியோட பக்கவாட்டுல சின்னதா டிடிஆர்4னு போட்டிருக்கேன்னு பதில். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "பாஸ், பெட்டி பிரிச்சாச்சு, மாத்த முடியாது."

இப்ப அந்த அண்ணன் சொன்னதுக்கு வர்றோம். அந்த விலைக்கு அதுதானா? இல்லவே இல்லை. ரைசன் 5 5600ஜின்னு ஒரு பிராசசர் 2021-லேயே கடைக்கு வந்துடுச்சு. படம் காட்டுற பகுதி அதுக்குள்ளேயே இருக்கு, தனி கார்டே வேணாம். 3200 வேக ராம் ரெண்டு குச்சி போட்டா 51.2 ஜிபி வேகம் கிடைக்குது. பிராசசரும் அதுலதான் பங்கு எடுக்கும், சரி. ஒத்தக் குச்சி போட்டாக்கூட 25.6. அதாவது அந்தக் கம்ப்யூட்டரோட சாதா ராமே இந்த "கேமிங்" கார்டோட மெமரியைவிட வேகம்! நாங்க கணக்குப் போட்டுப் பார்த்தோம், அதே 1,700-க்குள்ள முடியுது. இல்லாததுக்கு இருக்குறதே மேல்னு சொல்வாங்க. இங்க அந்தக் கார்டு இல்லாம இருந்திருந்தாத்தான் மேல்.

ஒரு கார்டோட போச்சான்னா, போகல. 2024 பிப்ரவரியில ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வந்துச்சு. பழைய 8 ஜிபி 3050-ல கோர் 2,560, இதுல 2,304. மெமரி வேகம் 224-ல இருந்து 168-க்கு இறங்கிடுச்சு. மெமரி மட்டும் 2 ஜிபி குறைவுன்னு நெனச்சு வாங்குறவங்கதான் அதிகம். எங்களைக் கேட்டா அது கெட்ட கார்டு இல்ல. 70 வாட்தான் இழுக்கும், தனிப் பவர் வயர் இல்லாமலே ஓடும், ஆபீஸ்ல கழிச்சுவிட்ட பழைய கம்ப்யூட்டருக்கு நல்லாவே பொருந்தும். 3040னு பேர் வெச்சிருந்தா நாங்களே சிபாரிசு பண்ணியிருப்போம்.

ஏஎம்டி மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதையும் சொல்லிடுறோம். 2022-ல வந்த ஆர்எக்ஸ் 6400, 4 ஜிபி கார்டு. மதர்போர்டோட பேசுறதுக்கு நாலே நாலு பாதை. புது போர்டுல, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-ல, வினாடிக்கு 8 ஜிபி அளவுக்குப் போகும். பழைய 3.0 போர்டுல பாதிதான். 4 ஜிபி நிரம்பிடுச்சுன்னா மிச்சம் அந்தச் சந்து வழியாத்தான் வரணும், அங்க திணறும். பழைய போர்டு யார்கிட்ட இருக்கும்? காசு இல்லாதவங்ககிட்டத்தான். குறைஞ்ச விலைக் கார்டை யாருக்குன்னு செஞ்சாங்களோ, அவங்க கம்ப்யூட்டர்லதான் அது நொண்டுது.

"கேம்தானே"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. உங்க மோட்டாருக்கு டயர் மாத்தும்போது பேரை மட்டும் பார்த்தா வாங்குவீங்க? சைஸ், தயாரிச்ச வாரம் எல்லாம் குனிஞ்சு பாக்குறீங்கல்ல?

அதனால பெற்றோர்களே, காசு கொடுக்குறதுக்கு முன்னால பிள்ளை என்ன விளையாட்டு விளையாடுதுன்னு கேளுங்க. வேலரண்ட் மட்டும்னா தனி கார்டே தேவையில்லாம போகலாம். எல்டன் ரிங் மாதிரி கேட்டா, அதுக்குக் குறைந்தபட்சமே ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபின்னு போட்டிருக்காங்க. அப்புறம் ரசீதுல கார்டு பேரோட மெமரி வகையையும் எழுதச் சொல்லுங்க. "எல்லாம் ஒண்ணுதான் அங்கிள்"னா அடுத்த கடைக்குப் போங்க. எழுதிக் கொடுத்ததுக்கு மாறா இருந்தா பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 5 வெள்ளி கட்டி மனு போடலாம், வக்கீல் வேணாம். அந்த அக்கா ரசீதுல வெறும் "ஜிடி 1030 2 ஜிபி"ன்னு இருந்ததால எங்களால ஒண்ணும் பண்ண முடியல.

கட்டைவிரல் போட்டது நாங்க, அதனால நாங்களே காசு போட்டு 280 வெள்ளிக்குப் பழைய ஜிடிஎக்ஸ் 1650 ஒண்ணு தேடி எடுத்தோம். வெளிப் பவர் வயர் கேக்காத வகை, 4 ஜிபி, ஜிடிடிஆர்5, 128 ஜிபி வேகம். வாங்குறதுக்கு முன்னாலேயே விக்கிறவர் வீட்ல ஜிபியு-இசட் போட்டுப் பார்த்துட்டோம். பையனே மாட்டினான். ஜிடிஏ இப்ப ஓடுது. அம்மாவுக்கு எதுக்கு மாத்துனோம்னு இன்னும் சரியா புரியல, "முன்னாடியே நல்லா இருக்குன்னானே"ன்னு கேக்குறாங்க.

கழட்டின கார்டு எங்ககிட்டதான் இருக்கு, பெட்டியோட. பாக்கணும்னா சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்குப் பின்னால வாங்க. புதுசா வாங்கப் போறவங்க படம் பிடிச்சு அனுப்புங்க. பெட்டியோட முன்பக்கம் வேணாம், பக்கவாட்டை எடுத்து அனுப்புங்க.