மட்டையா, விறகா, வரட்டியா... அடுப்புக்கு எது நல்லது?

கேள்வி: ‘‘எங்களுக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பும் 3 மாடுகளும் உள்ளன. விறகு, மட்டை, கரி எதை வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று சொன்னதால் இரும்பு அடுப்பு ஒன்று வாங்கினோம். ஆனால், புகை குறையவில்லை. மாமியாருக்கு இருமல் வேறு. எந்த எரிபொருளைப் போடுவது?’’

- வாசகி ஒருவர், பொள்ளாச்சி வட்டாரம்.

பதில்: புகைக்கு முதல் காரணம் எரிபொருளின் ஈரம்தான். வெட்டியவுடன் மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்கு காய்ந்த விறகு, கிலோவுக்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி வெப்பம் தரும். பச்சை விறகு அதில் பாதிதான் தரும். தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகி, விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகிறது.

தென்னை மட்டை: தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதன்மை. கீற்றைக் கழித்து, மட்டையை நீளவாக்கில் பிளந்து, மழை படாத இடத்தில் தரையைத் தொடாமல் அடுக்குங்கள். தை, மாசியில் சேர்த்தால் ஆனி மழைக்குள் காய்ந்துவிடும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டக்’கென்று ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது. பாளையும் பன்னாடையும் அடுப்புப் பற்றவைக்கப் போதும்.

கொட்டாங்கச்சி: நல்ல சூடு தரும். ஆனால், காங்கேயம், பொள்ளாச்சிப் பகுதிகளில் கரி தயாரிப்பவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். விலை கேட்டுவிட்டு எரிப்பதா, விற்பதா என்று முடிவு செய்யுங்கள்.

வரட்டி: சூடு குறைவு, புகையும் சாம்பலும் அதிகம். வயலுக்குப் போக வேண்டிய எருவும் வீணாகிறது. 1 கனமீட்டர் சாண எரிவாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் போதும். 3 மாடுகளின் சாணம் சிறிய கலனுக்குச் சரியாக இருக்கும். வாயு அடுப்புக்கு, கழிவு தென்னைக்கு. கோவை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பொறியியல் துறையில் ஆலோசனை கேட்கலாம்.

அடுப்பைக் கையாளும் முறையும் முக்கியம். விறகு பெரும்பாலும் வாயுவாகி எரிவதால், அதற்கு மேலிருந்து காற்று வேண்டும்; கம்பித்தட்டில் கொஞ்சம் சாம்பல் இருப்பது நல்லது. கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும். சாம்பலை முழுவதும் தட்டிவிட்டு, கீழ்த் திறப்பைத் திறந்து வையுங்கள். கரியில் புகை தெரியாது என்பதால் மூடிய அறையில் எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

அரளிக் குச்சி, பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் பைகளை அடுப்பில் போடாதீர்கள். இவற்றின் புகை நஞ்சு.

சுருக்கமாக, தினசரிச் சமையலுக்கு எரிவாயு, வாசலில் வெந்நீர் போடக் காய்ந்த மட்டை என்று பிரித்துக்கொண்டால் வீட்டுக்குள் புகை வராது. சிலிண்டரும் கூடுதல் நாள் வரும். மாமியாருக்கு இருமல் இரண்டு வாரங்களைத் தாண்டியிருந்தால், புகைதான் காரணம் என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.