வாங்கில் இருக்கும் ஏழு பேர்

கல்முனைக் கரையோரப் பாடசாலை ஒன்றின் கூடைப்பந்தாட்ட அணி ஆடிய இறுதிப் போட்டியைக் காணச் சென்றிருந்தேன். நடுவர் மேசையில் கிடந்த தாளில் பன்னிரண்டு பெயர்கள். களத்தில் ஐவர்; மீதி எழுவர் வாங்கில். (பெஞ்சை எங்கள் பக்கத்தில் வாங்கு என்போம். தொழுகைக்கு அழைக்கும் வாங்கு வேறு, இது வேறு என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

கச்சான் காற்று அனலாய் வீசிய பிற்பகல். சீமெந்துத் தரை சுட்டது. தொடங்கிய ஐவரே ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது எங்கள் பிள்ளைகள் 11 புள்ளிகள் முன்னிலையில் நின்றார்கள். அதன்பின் கால்கள் சொல்வழி கேட்கவில்லை. எதிரணி வீரனைத் துரத்திப் பிடிக்க முடியாதவன் கையால் தடுத்தான். ஐந்தாவது பவுலுடன் வெளியேற்றப்பட்டான். அவனுடைய இடத்துக்கு, அன்றைக்கு முதன்முறையாக ஒரு பையன் எழுந்தான். உடம்பு சூடேறவில்லை, கை நடுங்கியது. கிடைத்த முதல் பந்தையே எதிரணியிடம் கொடுத்தான். 4 புள்ளிகளால் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்றுவிப்பாளர் என்னிடம் சொன்னார்: "பாத்தீங்கதானே? வாங்கில இருக்கிறவன நம்பி இறக்கினா இதுதான் நடக்கும்."

நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். காரணத்தையும் விளைவையும் இத்தனை துல்லியமாக இடம் மாற்றிய வாக்கியத்தை அரசியல்வாதிகளிடம் கேட்டதும் அரிது. ஒரு பருவம் முழுவதும் களத்தைக் காட்டாமல் வைத்திருந்த பிள்ளையை, தோல்வியின் வாசலில் உள்ளே தள்ளிவிட்டு, தோல்விக்கு அவனையே சாட்சியாக்குகிறார்!

இந்த விவாதத்தில் வழக்கமாக இரண்டு சாட்டுகள் வரும். ஒன்று, "ஆளாளுக்கு வாய்ப்புக் கொடுக்க இது என்ன கல்முனை மேயர் பதவியா?" கேட்பவர்கள் சிரிப்பார்கள். 2011 மாநகர சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் வென்றபின், விருப்பு வாக்கில் முந்திய சாய்ந்தமருதின் சிராஸ் மீராசாஹிப் மேயரானார். இரண்டாண்டுகள் கழிந்து 2013இல் பதவி நிஸாம் காரியப்பரின் கைக்குப் போனது. அந்தக் கைமாற்றம் இலகுவாக நடக்கவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அன்றிலிருந்து 'சுழற்சி' என்ற சொல்லே இக்கரையில் ஊர்ப் பங்கீடு என்ற பொருளைப் பெற்றுவிட்டது.

ஆனால் ஒரே நாற்காலியை நாட்காட்டி பார்த்துக் கூறுபோடுவது வேறு. ஐந்து பேர் ஓட வேண்டிய களத்தில் ஓய்வைப் பகிர்வது வேறு. மேயர் இறங்கினால் இறங்கியதுதான். கூடைப்பந்தில் இறங்கியவன் மூன்று நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மீண்டும் ஏறலாம். எத்தனை தடவையும் ஏறலாம்.

இரண்டாவது சாட்டு, "வெல்லுகிற அணியில் கைவைக்கக் கூடாது." இது உதைபந்தாட்டத்திலிருந்து வந்த நம்பிக்கை என்பது என் ஊகம். சந்தாங்கேணி மைதானத்து வேலியோரம் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். உதைபந்தில் வெளியேறியவன் திரும்ப முடியாது. உலகக் கிண்ணத்தில் மாற்று வீரரை அனுமதித்ததே 1970இல்தான். ஐந்து மாற்றங்கள் வந்தது 2020இல். அங்கே ஒருவனை இறக்குவது செலவு. யோசித்துத்தான் செய்ய வேண்டும். கூடைப்பந்தின் விதி அப்படியல்ல. அதைப் படித்தவர்கள் அதை உதைபந்துபோல் நடத்துவதுதான் என் முறைப்பாடு.

எளிய கணக்கு ஒன்று. 40 நிமிட ஆட்டத்தில் ஐந்து இடங்கள். ஆக 200 நிமிடங்கள் கையிருப்பு. முதல் ஐவருக்கும் ஆளுக்கு 28 நிமிடம் கொடுங்கள். 140 போக 60 மிஞ்சும். வாங்கிலுள்ள நால்வருக்கு ஆளுக்கு 15 நிமிடம்! முதல் ஐவரிடமிருந்து நீங்கள் எடுத்தது தலைக்கு 12 நிமிடம் மாத்திரமே. அதுவும் எந்த நிமிடங்கள்? கால் தள்ளாடி, பவுல் வாங்கும் நிமிடங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்றுவித்த டீன் ஸ்மித், 879 வெற்றிகளைக் கண்டவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. களைத்த வீரன் முட்டியை உயர்த்திக் காட்டினால் உடனே வெளியே எடுப்பார். தானாகக் கேட்டு வந்தவன் தானாகவே திரும்பிப் போகலாம். களைப்பைச் சொல்வது கோழைத்தனமல்ல என்பதை விதியாக்கினார். முதற்பாதியில் பின்வரிசை ஐவரை ஒரே தொகுதியாகச் சில நிமிடங்கள் இறக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. இவரிடம் பயின்றவர்தான் மைக்கேல் ஜோர்டன்.

இன்னும் அண்மையில், 2013–14 பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூடப் பருவகால ஆட்டங்களில் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. என்பிஏ ஆட்டம் 48 நிமிடம் என்பதை மறக்க வேண்டாம். அவ்வருடக் கிண்ணம் அவர்களுடையது. அதே அணியின் ஆர்ஜென்டீன வீரர் மனு ஜினோபிலி பல ஆண்டுகள் வாங்கிலிருந்தே எழுந்து வந்தவர். அவரை யாரும் 'மிச்சம்' என்று அழைக்கவில்லை.

"அவர்களுக்குப் பாரம்பரியம் இருக்கிறது, எங்களுக்கு இது புதிது" என்று சொல்வோரும் உண்டு. வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் மட்டக்களப்பு. அங்கே புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் தலைமுறை தலைமுறையாக இவ்விளையாட்டை ஊட்டினார்கள். 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் அவர்களில் ஒருவர். பாரம்பரியம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

நோன்பு மாதத்துப் பயிற்சியில்தான் இந்தப் பிடிவாதம் கொடுமையாகிறது. அஸருக்குப் பின் அதே ஐவரை வாய் வறள ஓடவிட்டு, "ஒலாஜுவன் நோன்போடு ஆடவில்லையா?" என்று கேட்கிறார்கள். ஆடினார், 1995 பெப்ரவரியில் நோன்பு நோற்றபடியே அம்மாதத்தின் சிறந்த வீரராகவும் தெரிவானார். அவர் உலகில் ஒருவர், வயது வந்தவர், அது அவருடைய தொழில். இவர்கள் பதினாறு வயதுப் பிள்ளைகள். பகிர்ந்து ஓடுவதற்கு இன்னும் ஏழு பேர் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இறுதி இரண்டு நிமிடங்கள் இழுபறியானால் உங்களிடமுள்ள சிறந்த ஐவரே நிற்கட்டும். எல்லாருக்கும் சம நிமிடம் என்று நான் கேட்கவில்லை. ஸதகாப் பங்கீடு கேட்கவில்லை. ஐவரையும் ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம்; பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த ஒருவனாவது எப்போதும் உள்ளே இருக்கட்டும். முதற்கால்பகுதியின் நடுவிலேயே இருவரை மாற்றத் தொடங்குங்கள். எப்போது இறக்குவேன் என்பதை அந்தப் பையனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு பந்தைத் தவறவிட்டவனை அந்தக் கணமே வெளியே இழுக்காதீர்கள். பின்பு அவன் கூடையைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.

பயிற்றுவிப்பாளரின் அச்சமும் எனக்குத் தெரியாததல்ல. கோட்டுக்கு வெளியே பழைய மாணவர்கள், பெற்றோர், இன்ன ஊர்ப் பையனை ஏன் எடுத்தாய் என்று கேட்கக் காத்திருப்பவர்கள். ஐவரை மாற்றாவிட்டால் கேள்வி இல்லை. தோற்றாலும் "சிறந்தவர்களைத்தான் போட்டேன்" என்று கைகழுவிக்கொள்ளலாம். இதை அவருடைய நெஞ்சுரமின்மை என்றே சொல்வேன். ஆட்ட அறிவு என்று சொல்ல மாட்டேன்.

பந்தைப் பறிகொடுத்த பையன் அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பன்னிரண்டாவது இலக்கச் சட்டையைத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தானாம், கழுவி, மடித்து. சேர், அடுத்த பருவத்துக்குப் பெயர்த்தாள் எழுதும்போது வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவன் ஆடிய நிமிடங்களைக் குறித்து வாருங்கள். மூன்று ஆட்டங்களுக்குப் பின் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். மீதியை அதை வைத்துப் பேசுவோம்.