கைராசியும் பதிவேடும்

நம் நாட்டில் நோயுற்றார்க்கு வைத்தியரைத் தேடுங்கால் சுற்றத்தார் முதற்கண் வினவுவது, "அவர் கைராசி எப்படி?" என்பதே. அவர் எங்குக் கற்றார், எத்துணை ஆண்டு பயின்றார், எந்தப் பதிவேட்டில் அவர் பெயர் உளது என்று கேட்பார் அரியர். காய்ச்சலுக்கு மருந்து பெறும் அளவில் இவ்வழக்கத்தால் விளையும் தீங்கு சிறிதெனலாம். காது, மூக்கு, தொண்டை என்னும் இடங்களில் கத்தி வைக்கவேண்டி வருங்கால் கைராசியை மட்டும் நம்புதல் தகுமோ?

இம்மூன்றும் சிறிய உறுப்புக்களே. ஆயின் இவற்றின் அண்டை வீட்டார் பெரியர். நடுச்செவியில் உள்ள அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவினது. மனித உடலில் அதனினும் சிறிய எலும்பு பிறிதில்லை. அதனை அடுத்து, மெல்லிய எலும்புக் குழாயொன்றில் முகத்தசைகளை இயக்கும் நரம்பு செல்கின்றது. மேலே மெல்லிய எலும்புத் தகடொன்றிற்கு அப்பால் மூளை. மூக்கின் பக்கத்தறைகளுக்கும் கண்ணுக்கும் இடைநிற்கும் சுவரை உடற்கூற்று நூலார் காகிதத் தகடென்றே அழைப்பர். சிறு பிராயமுதல் காதில் சீழ் ஒழுகும் ஒருவனுக்கு அந்நோயை அகற்றப் புகும் வைத்தியர் நெல்லளவு கை தவறினும், அவன் வாய் ஒருபுறம் கோணும். கண்ணிமை மூடாது போம். பின்னர்க் கைராசியைப் பற்றிப் பேசி ஆவதென்?

இத்தொழிலுக்கு இந்தியாவில் விதித்துள்ள பயிற்சி சிறிதன்று. நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி, நுழைவுத் தேர்வு, அதன்மேல் மூன்றாண்டு எம்.எஸ். படிப்பு, அல்லது அதற்கு நிகராகத் தேசியத் தேர்வு வாரியம் அளிக்கும் பட்டம். இம்மேற்படிப்பில் மாணவர் தாம் கண்டதும், உதவியதும், தாமே செய்ததுமாகிய சிகிச்சைகளைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் ஒப்பம் பெறுவர். உயிருள்ள காதைத் தொடுமுன் இறந்தார் காதெலும்பைத் துளைத்துக் கை பழக்குவதும் உண்டு. மேற்பட்டமும் மாநில மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் ஏறும். ஒரு துறைக்குரிய பட்டம் பெறாதார் தம்மை அத்துறை வல்லுநரெனக் கூறிக்கொள்ளலாகாது என்று 2002-ஆம் ஆண்டின் ஒழுக்க விதிகள் தடுக்கின்றன.

இத்துணையும் நன்றே. குறை தேர்விற்குப் பின்னரே தோன்றுகின்றது. தேர்வு முடிந்தவுடன் அக்குறிப்பேடு பெட்டிக்குள் போய்விடுகின்றது. பதிவேடு பட்டத்தைச் சொல்லும். பட்டம் பெற்றபின் அக்கை என்ன செய்தது என்பதைச் சொல்லாது. ஐயாண்டிற்கு 30 மணிநேரம் கற்றறிந்தோர் கூட்டங்களில் கலந்துகொள்ளல் வேண்டுமென அவ்விதிகளே கூறுகின்றன. செவியால் கேட்டதற்கு மணிக்கணக்கு உளது. கையால் செய்ததற்குக் கணக்கில்லை. இருபதாண்டு செவிச் சிகிச்சையே செய்யாத ஒருவரும், நாடோறும் செய்பவரும் அவ்வேட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

பிரித்தானிய நாட்டில் மருத்துவப் பட்டத்தின்பின் ஈராண்டு பொதுப் பயிற்சி, ஈராண்டு அடிப்படை அறுவைப் பயிற்சி, ஆறாண்டு இத்துறைப் பயிற்சி என ஏறத்தாழப் பத்தாண்டு கழியும். பின்னர்த் தேர்வு, அதன்பின் தனித்துறைப் பதிவேடு. 2012-ஆம் ஆண்டு இறுதிமுதல் ஐயாண்டிற்கொருமுறை ஒவ்வொரு வைத்தியரின் தொழிலையும் ஆராய்ந்தே உரிமத்தைத் தொடரவிடுகின்றனர். அம்முறையை வேரோடு பெயர்த்து இங்கு நடவேண்டுமென்பது என் கருத்தன்று. சிற்றூர்களில் இத்துறை வைத்தியரே அரியராயிருக்கப் பயிற்சியைப் பத்தாண்டாக நீட்டுதல் நோயாளர்க்கே இடராம். ஆயினும் ஐயாண்டிற்கொருமுறை, தாம் செய்த பெருஞ்சிகிச்சைகளின் தொகையை மருத்துவமனையின் அத்தாட்சியோடு பதிவேட்டிற்கு அளித்தல் இயலாததொன்றன்று. தொகை கேட்டால் வேண்டாச் சிகிச்சைகள் பெருகுமென்பர். பந்தயம் வைத்தாலன்றோ பெருகும்? குறைந்த அளவு ஒன்றை வரையறுத்தல் போதும்.

ஏடும் பட்டமுமின்றியே கைவல்லார் இருந்திலரோ என வினவுவார் உளர். இருந்தனர். திப்பு சுல்தானின் வீரரால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரனுக்குப் பூனாவின் அருகே நெற்றித் தோலால் மூக்கமைத்த செய்தியை 1794-இல் இலண்டன் பத்திரிகையொன்று வெளியிட்டது. அதனால் தூண்டப்பெற்றே ஜோசப் கார்ப்யூ என்பார் 1814-இல் இலண்டனில் அம்முறையைச் செய்து காட்டினார். ஆனால் மூக்கமைத்தவரின் பெயர் யாது? செங்கல் அறுக்கும் குலத்தினர் என்பதன்றி அப்பத்திரிகை ஒன்றும் சொல்லவில்லை. மூக்கிழந்த கவாஸ்ஜிக்குப் பெயருண்டு, அளித்தவருக்கு இல்லை. பதிவேடின்மையால் வல்லாரும் இழந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2020 நவம்பரில், ஆயுர்வேத மேற்படிப்பு மாணவர் 58 வகை அறுவைச் சிகிச்சைகளில் பயிற்சி பெறலாமென விதி பிறந்தது. அவற்றுள் 19 கண், காது, மூக்கு, தொண்டை, பல் ஆகியவற்றைச் சார்ந்தன. அதனை எதிர்த்து டிசம்பர் 11-ஆம் நாள் மேனாட்டு முறை வைத்தியர் பலர் அவசரமல்லாப் பணிகளை நிறுத்தினர். எம்முறை உயர்ந்தது என்னும் வாதத்தின் இரைச்சலில், அவ்வப் பயிற்சியில் ஒருவர் எத்தனை முறை ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்தார், எத்தனை முறை தாமே செய்தார் என்னும் வினா மங்கிற்று. எம்முறையார்க்கும் அவ்வினா ஒன்றே.

மேற்கூறிய ஒழுக்க விதிகளின்படி வைத்தியர் தம் பதிவெண்ணை மருந்துச் சீட்டிலும் பணச் சீட்டிலும் அச்சிடல் வேண்டும். அவ்வெண்ணைக் கொண்டு பதிவேட்டைப் பார்க்கலாமென்பதை நம் தாய்மார் அறியார். அறிந்து வலைத்தளத்தில் தேடினும் அது ஆங்கிலத்தில் உளது. பெயரின்பின் தொடரும் ஆங்கில எழுத்துக்களுள் எது எம்.எஸ்., எது வெறுஞ் சங்க உறுப்பினர் பட்டம் என்பது கற்றார்க்கே மயக்கந் தருவது. பதிவெண்ணின் கீழே, 'காது மூக்குத் தொண்டை அறுவைச் சிகிச்சையில் மூன்றாண்டு பயின்றவர்' என ஒரு வரி தமிழில் அச்சிடுவதற்கு எத்துணை மை செலவாகும்?