நீர்நாய் வாழும் ஆறு

நீர்நாய் என்று பெயர். ஆனால், அது நாய் அல்ல! கீரியைப் போல நீண்ட உடல், குட்டைக் கால்கள். விரல்களுக்கு நடுவே, வாத்துக்கு இருப்பது போலத் தோல் இருக்கிறது. அதனால் வேகமாக நீந்தி மீனைப் பிடிக்கிறது.

காவிரியிலும் மோயாற்றிலும் நீர்நாய்கள் வாழ்கின்றன. அவை குடும்பமாகத் திரியும். கூட்டமாக மீனை வளைத்துப் பிடிக்கும். கரையோர வளையில் குட்டி போடும். பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது.

வாளை மீனைத் தின்னும் நீர்நாய் குறுந்தொகையில் வருகிறது. அந்த நூலை உ. வே. சாமிநாதையர் 1937-ல் பதிப்பித்தார். அவர் பெயரில் ஒரு நூல்நிலையம் சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் அடையாறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றில் இன்று சாக்கடை கலக்கிறது!

"நீர்நாய் வலையைக் கிழிக்கிறது" என்று மீனவர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதே. வலை போனால் பிழைப்பு போகும். ஆனால், மீன் குறைவதற்கு நீர்நாயா காரணம்? கழிவுநீரும் மணல் கொள்ளையும் மீனின் இருப்பிடத்தையே அழிக்கின்றன. அந்தக் குற்றத்தை வாயில்லா ஜீவன் தலையில் சுமத்தலாமா?

நீர்நாயைக் கொல்வது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் மட்டும் போதாது. வலை கிழிந்த மீனவருக்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும். ஆற்றில் சாக்கடை விடுவதைத் தடுக்க வேண்டும்.

நீர்நாய்க்கு மீன் வேண்டும். மீனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். மனிதனுக்கும் அதுதானே வேண்டும்?